சரக்கு முனையங்களில் டிரெய்லர்கள் பார்வை இல்லாத பக்கம் ரிவர்ஸ் எடுக்கும் நிலையை மாற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
டிரெய்லர் ஓட்டுநர்கள்

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
போக்குவரத்துத் துறை

பொருள்: முனையங்களுக்குள் வண்டி சுற்றும் திசையை முறைப்படுத்துதல் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சரக்கு முனையம், கிடங்கு ஆகியவற்றின் வரைபடத்துக்கு ஒப்புதல் தரும்போது, உள்ளே டிரெய்லர் எந்தத் திசையில் சுற்றி வந்து ரிவர்ஸ் எடுக்கும் என்பதையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

டிரெய்லரைப் பின்னால் எடுப்பது சாதாரண லாரியை எடுப்பது போல இல்லை. இன்ஜின் உள்ள முன்வண்டியின் பின்பகுதியில் ஃபிஃப்த் வீல் என்ற தகடு இருக்கும், டிரெய்லரின் அடியில் இருக்கும் கிங் பின் என்ற தடித்த ஆணியை அதில் கோர்த்திருப்போம். வண்டி மடங்குவது அந்த இடத்தில்தான். ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் வால் வலப்பக்கம் போகும். அப்படி மடங்கத் தொடங்கிய வண்டி ரிவர்ஸில் தானாக நேராகாது, மேலும் மேலும் மடங்கத்தான் பார்க்கும். உடனே எதிர்ப்பக்கம் ஒடித்து வாலின் பின்னாலேயே போக வேண்டும். தாமதித்துவிட்டால், ஒரு கோணத்துக்கு மேல் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தும் பலனில்லை. முன்னால் இழுத்து நேராக்கிவிட்டுத்தான் மறுபடி எடுக்க முடியும். பின்னாலிருப்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்களே என்று அதற்கு மேலும் தள்ளினால், கேபின் டிரெய்லரின் மூலையில் இடிக்கும், பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் ஏர் ஹோஸ் அறுந்துபோகும். நீளமான டிரெய்லராவது மெதுவாக மடங்கும், குட்டையானது சட்டென்று மடங்கிவிடும். முன் அச்சும் தனியே திரும்புகிற முழு டிரெய்லர் இரண்டு இடத்தில் மடங்கும். அதை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால், பழைய டிரைவர்கள்கூடக் கொக்கியைக் கழற்றிவிடலாமா என்றுதான் யோசிப்பார்கள்.

சரி, இதெல்லாம் தொழில், பழகிக்கொள்ளலாம். எவ்வளவு பழகினாலும் தீராதது பார்வைப் பிரச்சினை. எங்கள் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது. வாலை வலப்பக்கம் கொண்டுபோனால் ஜன்னலில் தலையை நீட்டியே பின் சக்கரத்தையும் சரக்கு ஏற்றி இறக்கும் பிளாட்பாரத்தையும் பார்த்துவிடலாம். இடப்பக்கம் கொண்டுபோகச் சொன்னால், வண்டி மடங்க மடங்க இடது கண்ணாடியில் டிரெய்லரின் பக்கவாட்டுத் தகடுதான் தெரியும். வலது கண்ணாடியிலோ காலி இடம். பின் மூலை எங்கே இருக்கிறது, அங்கே ஆள் நிற்கிறாரா என்பது எதிலும் தெரியாது.

அந்த நேரத்தில் கிளீனரை இறங்கிப் பார்க்கச் சொல்கிறோம். அவர் நின்று சைகை காட்ட வேண்டிய இடமும் எங்களுக்குத் தெரியாத அதே மூலைதான். இன்ஜின் சத்தத்தில் அவர் குரல் கேட்காது. ஓர் அடி தவறினால் பிளாட்பாரத்துக்கும் டிரெய்லருக்கும் நடுவில் சிக்கிக்கொள்வார். ஆள் கண்ணில் படவில்லை என்றால் வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் முறை. சரக்கு இறக்கும் அவசரத்தில் அதற்குப் பொறுமை காட்டுபவர்கள் குறைவு. கேமரா மாட்டச் சொல்கிறார்கள். முன்வண்டி ஒருவருடையது, டிரெய்லர் வேறொருவருடையது, அடிக்கடி மாற்றி மாட்டுகிறோம் என்னும்போது ஒன்றின் வயர் மற்றொன்றில் சேருவதில்லை.

ஆகவே, பிளாட்பாரம் ஓட்டுநரின் வலப்பக்கம் வரும்படி முனையத்துக்குள் ஒருவழிப் பாதை இருக்க வேண்டும் என்பதை ஒப்புதலுக்கு நிபந்தனையாக்கக் கோருகிறோம். ஏற்கெனவே உள்ள முனையங்களில் இதற்காகப் பெரும்பாலும் எதையும் இடிக்க வேண்டியிருக்காது. பல இடங்களில் உள்ளே வரும் வாசலையும் வெளியே போகும் வாசலையும் மாற்றி, தரையில் அம்புக்குறிகளைத் திருப்பி வரைந்தாலே போதும். அப்புறம், வால் ஒருபக்கம் போகும்போது முன்வண்டியின் மூக்கு மறுபக்கம் அகலமாக வீசும். அதனால் பிளாட்பாரத்துக்கு எதிரே வண்டியின் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது காலி இடம் வேண்டும். அங்கே பைக் நிறுத்துவதையும் மரச்சட்டங்களை அடுக்குவதையும் தடுக்க வேண்டும். இடமே இல்லாத பழைய கிடங்குகளில், சைகை காட்டப் பயிற்சி பெற்ற ஆளை நிர்வாகமே நிறுத்த உத்தரவிட வேண்டும். கிளீனர் தலையில் அதைக் கட்டக் கூடாது.

ஓட்டுநர் தேர்வில் உள்ள குறைகளைப் பற்றித் தனி மனு தருகிறோம், இதோடு சேர்த்துக் குழப்ப விரும்பவில்லை.

நேரில் பார்த்து முடிவெடுக்க விரும்பினால், தாங்கள் சொல்லும் நாளில், சொல்லும் முனையத்துக்கு டிரெய்லரோடு வருகிறோம். ஆய்வுக்கு வரும் அதிகாரி கேபினில் ஏறி எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு முறை ரிவர்ஸ் எடுப்பதைப் பார்க்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
டிரெய்லர் ஓட்டுநர்கள்