நாதஸ்வரம் பயின்ற சாக்சபோன்காரர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சார்லி மரியானோவைப் பற்றி உங்கள் இசைப் பக்கத்தில் ஒரு முறையாவது எழுதுங்கள். 1923-இல் பாஸ்டனில் பிறந்த ஜாஸ் கலைஞர். 1963-இல் சார்லஸ் மிங்கஸ் குழுவின் இசைத்தட்டில் இவருடைய ஆல்டோ சாக்சபோன் விம்மும்போது நெஞ்சு அடைத்துக்கொள்ளும். பெர்க்லீ இசைக் கல்லூரியில் ஆசிரியராகவும் இருந்தவர்.

அப்படிப்பட்டவர் நாற்பது வயதுக்கு மேல் நாதஸ்வரத்துக்கு மாணவரானார்! சாக்சபோனுக்கு ஒற்றை நாணல், நாதஸ்வரத்தில் ஊதும் சீவாளியோ இரட்டை நாணல். உதட்டின் பிடியே வேறு, மூச்சின் கணக்கும் வேறு. கைவந்த வித்தையை ஒதுக்கி வைத்துவிட்டு முதல் ஸ்வரத்திலிருந்து தொடங்க எவ்வளவு பணிவு வேண்டும்!

பாடகி ஆர்.ஏ. ரமாமணியுடனும் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவினருடனும் இவர் சேர்ந்து வாசித்த ‘ஜோதி’ இசைத்தட்டு 1983-இல் வெளிவந்தது. 2009-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் மறைந்தார். 2023-இல் நூற்றாண்டும் வந்துபோனது. தமிழில் ஒரு வரி படித்ததாக எனக்கு நினைவில்லை.

– வாசகர், மன்னார்குடி