சுர்கூஃப் கடற்கொள்ளையர்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வங்காள விரிகுடாவில் பிடிபட்ட ஆங்கிலக் கப்பல்கள் பற்றிய ஞாயிறு கட்டுரையில், பிரெஞ்சுக்காரர் ரொபேர் சுர்கூஃப் ‘கடற்கொள்ளையர்’ ஆகிவிட்டார். 1800 அக்டோபரில் ‘கெண்ட்’ கப்பலைப் பிடித்தபோது அவர் கையில் அரசு உரிமத்தாள் இருந்தது. போர்க்காலத்தில் எதிரியின் வணிகக் கப்பலைப் பிடிக்கத் தனியாருக்குக் கொடுக்கும் தாள் அது. அது இருப்பவன் எதிரியிடம் அகப்பட்டால் போர்க்கைதி, இல்லாதவனுக்குத் தூக்குமரம்.

பிடித்த கையோடு சரக்கைப் பங்கு போடவும் முடியாது. தன் ஆட்களில் ஒருவரைத் தலைவராக வைத்து, சில மாலுமிகளையும் ஏற்றி, கப்பலைத் தன் நாட்டுத் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும். கப்பல் பதிவு, சரக்குச் சீட்டு, ஆள் பட்டியல் (நம் தோட்டத்துச் செக்ரோல் மாதிரி) எல்லாம் கலையாமல் போய்ச் சேர வேண்டும். எதிரியின் சொத்துதான் என்று நீதிமன்றம் தீர்த்த பிறகே ஏலம், அதற்குப் பிறகே பங்கு. இதனால்தான் பிடிபடும் கப்டன் முதலில் தாள்களைக் கடலில் வீசப் பார்ப்பார்.

சிக்கல் ஆள் கணக்கில்தான். ஒவ்வொரு கப்பலைப் பிடிக்கும்போதும் சொந்தக் கப்பலில் ஆள் குறையும். 1796 ஜனவரியில், சுமார் 150 பேர் இருந்த ‘டிரைட்டன்’ கப்பலை நெருங்கும்போது சுர்கூஃபிடம் இருபது பேர்கூட இல்லை. துறைமுகத்துக்கு வழிகாட்டும் பைலட் கப்பல் என்று நம்பி டிரைட்டன் கிட்டே வரவிட்டதால்தான் அவரால் அதைப் பிடிக்க முடிந்தது. அனுப்பிவைத்த ஆள் போதாவிட்டால் கைதிகளே கப்பலைத் திருப்பிக்கொள்வார்கள், அல்லது எதிரிக் கடற்படை மீட்டுவிடும். 1793 பிரிட்டிஷ் சட்டப்படி, மீட்ட கப்பலைத் திரும்பப் பெற உரிமையாளர் அதன் மதிப்பில் எட்டில் ஒரு பங்கைக் கடற்படைக்குக் கொடுக்க வேண்டும். மீட்டது தனியார் கப்பல் என்றால் ஆறில் ஒன்று.

வேடிக்கை என்னவென்றால், கட்டுரையாளர் 1796-ஐச் சொல்லியிருந்தால் பாதி சரியாக இருந்திருக்கும். அந்தப் பயணத்தில் சுர்கூஃபிடம் உரிமத்தாள் இல்லை. பிடித்த கப்பல்களின் பணத்தை மொரீஷியஸில் (அன்று ஈல் த பிரான்ஸ்) அரசே எடுத்துக்கொண்டது. பாரிசுக்குப் போய் வழக்காடிய பிறகுதான் அவருக்கு இழப்பீடு கிடைத்தது.

கட்டுரையின் கடைசியில் பினாங்கைத் தாக்கிய எம்டனையும் இதே வரிசையில் சேர்த்திருக்கிறீர்கள். 1914 அக்டோபர் 28-இல் வந்தது ஜெர்மன் கடற்படையின் கப்பல். தனியாருக்கு உரிமத்தாள் கொடுக்கும் வழக்கத்தை ஐரோப்பிய வல்லரசுகள் 1856 பாரிஸ் பிரகடனத்திலேயே கைவிட்டுவிட்டன.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்