செல்லம் கொடுத்ததால வந்ததுன்னு எழுதிட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க கல்விப் பக்கத்துல "வீட்ல செல்லம் கொடுக்கறதாலதான் பிள்ளைங்க கிளாஸ்ல கவனிக்கறதில்ல"ன்னு ஒரு வரி வந்திருந்துச்சு. எங்க மாமனார் காலத்துலேருந்து உங்க பத்திரிகை வாங்கற வீடு இது, அதனாலதான் தாங்க முடியாம எழுதறேன். என் பையன் ஆறாவது படிக்கிறான், ஏ.டி.எச்.டி.ன்னு, அதாவது கவனம் ஒரு இடத்துல நிக்காத, துறுதுறுன்னு இருக்க வைக்கற மூளை வளர்ச்சிக் கோளாறுன்னு, டாக்டர் பார்த்துச் சொல்லியாச்சு. இப்ப சொந்தக்காரங்கள்லாம் "பார்த்தியா, பேப்பர்லயே போட்டிருக்கான்"னு அந்த வரியக் காட்டறாங்க, நான் என்னன்னு பதில் சொல்ல?

செல்போன் மட்டும் மணிக்கணக்கா பாக்கறானேம்பாங்க. போன்ல தொட்ட உடனே ஏதாச்சும் நடக்குது, அது அவன இழுத்துப் பிடிச்சுக்குது, நோட்டுல கணக்குப் போட்டா பலன் எப்பவோதான் தெரியும், அந்த மாதிரி வேலைய ஆரம்பிக்கறதே அவனுக்குப் பெரும்பாடு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

நாலாவதுல ஒரு டீச்சர் இருந்தாங்க. முன் பெஞ்சுல உக்கார வெச்சு, பத்து கணக்கையும் ஒண்ணா கொடுக்காம ரெண்டு ரெண்டா கொடுத்து, நடுவுல போர்டு அழிக்கச் சொல்லி எழுப்பி விடுவாங்க, கோவம் வந்து அழுதா அடங்கற வரைக்கும் கேள்வி கேக்க மாட்டாங்க, அந்த வருஷம் அவன் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு சொன்னதே இல்ல. இப்ப இருக்கற ஸ்கூல்ல வராண்டாவுல நிக்க வெக்கறாங்க, பேரண்ட்ஸ் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் "டி.சி. தரோம், வேற இடம் பாருங்க"ன்னாங்க. 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு அடிக்கறத மட்டும் இல்ல, மனசு நோகடிக்கறதையும் தடுக்குது. அதப் பத்தி உங்க பக்கத்துல நான் படிச்சதே இல்ல. நூத்துக்கு நூறு வாங்கின பிள்ளைங்களுக்கு அரைப் பக்கம் கிடைக்குது, இந்த மாதிரி பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொகுப்பூதியத்துல ஸ்கூல் ஸ்கூலா அலையற சிறப்பாசிரியர்கள் போராடினா ஒரு ஓரத்துல நாலு வரி.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல டி.இ.ஐ.சி.ன்னு, பிள்ளைங்களோட வளர்ச்சிக் குறைபாட்ட சீக்கிரமே கண்டுபிடிச்சு உதவற சென்டர் இருக்கு, 18 வயசு வரைக்கும் இலவசமா பாக்கறாங்க. டிஸ்லெக்சியாவும் (எழுத்துக்கூட்டிப் படிக்கறதுலயும் எழுதறதுலயும் சிரமம்) சேர்ந்து இருக்கற பிள்ளைங்களுக்குப் பத்தாவது பப்ளிக் எக்ஸாம்ல ஒரு மணி நேரம் கூடுதலா கிடைக்கும், சொல்றத எழுத ஆளும் கிடைக்கும், ஹெச்.எம். மூலமா முன்னாடியே அப்ளை பண்ணணும். இத அதே கல்விப் பக்கத்துல கட்டம் கட்டிப் போடுங்க. அந்த வரிக்கு வருத்தம் தெரிவிக்கறது உங்க மனசப் பொறுத்தது.

இப்படிக்கு,
ஒரு அம்மா, திண்டுக்கல்