மாடி அறையின் வடக்குச் சுவர்

சேரன்மகாதேவி
ஐப்பசி 10

அன்பு மகள் பேச்சியம்மாளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. இரண்டு நாளாக அடைமழை. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் கரையைத் தொட்டு ஓடுகிறது.

போனில் இதைச் சொன்னால் நீ பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

மாடி அறையை ஒழித்துவிட்டேன். ஆச்சியின் நெல் குதிர், கால் உடைந்த கட்டில் எல்லாம் கீழே இறங்கியாயிற்று. இனி அது விளையாட்டு அறை. தெருப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து போட்டிகளைப் பார்க்கட்டும் என்று டிவியையும் அங்கே ஏற்றிவிட்டோம். சோபா வேண்டாம் என்று சொல்லி, பத்தமடைப் பாய் இரண்டு வாங்கி விரித்திருக்கிறேன். மேற்குச் சுவரில் ஓதம் ஏறுகிறது, கிழக்குச் சுவரில் சாயங்கால வெயில் நேரே அடிக்கிறது. அங்கே படம் மாட்டினால் ஒரே கோடையில் வெளுத்துவிடும். ஆகவே படங்கள் எல்லாம் வடக்குச் சுவருக்கு. ஆசாரி பழைய கதவுப் பலகையிலேயே ஒரு கண்ணாடி அலமாரி செய்து கொடுத்தார். கரையான் பயத்தில் அதைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்தியிருக்கிறேன். சான்றிதழ்களுக்கு நடுவே வசம்புத் துண்டுகள் வைத்தாயிற்று.

அலமாரியில் முதலில் வைத்தது உன் ஸ்பைக்ஸ், பள்ளியில் நீ போட்டு ஓடிய ஆணிக் காலணி. பரணில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. ஆணிகள் எல்லாம் துருவேறிவிட்டன. அடியில் ஒட்டியிருந்த மைதானத்துச் செம்மண்ணைத் தட்டிவிடவில்லை, அப்படியே இருக்கட்டும். இடது காலணியின் நாடாவில் இன்னும் அந்த முடிச்சு இருக்கிறது. பாளையங்கோட்டையில் நீ விழுந்த அன்று அவிழ்க்க முடியாமல் நான் அப்படியே உருவி எடுத்தேனே, அதே முடிச்சு. அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்று மதியம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சுவரில் யார் யார் படத்தை மாட்டுவது என்று பார்க்கத்தான் படிக்க ஆரம்பித்தேன். இசக்கி நூலகத்திலிருந்து புத்தகங்கள் கொண்டுவந்து தந்தான். 1896இல் ஏதென்சில் ஒலிம்பிக் தொடங்கியபோது பெண்களுக்கு இடமே இல்லை. 1900இல் பாரிசில் டென்னிஸ், கோல்ஃப் என்று சிலவற்றில் மட்டும் சேர்த்தார்கள். ஓட்டப்பந்தயத்துக்கு 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் உன்னுடைய 800 மீட்டரையும் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் வென்றார். இறுதிப் போட்டியில் ஒன்பது பேர் ஓடினார்கள், ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஆனால் களைத்துப்போய்ப் புல்லில் சாய்ந்தவர்களைப் பார்த்துவிட்டு, பாதிப் பேர் மயங்கி விழுந்தார்கள், பெண் உடம்பு இதைத் தாங்காது என்று பத்திரிகைகள் எழுதின. 800 மீட்டரை எடுத்தே விட்டார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான் அது திரும்பி வந்தது. 32 ஆண்டுகள், பேச்சி! அதற்குள் எத்தனை பெண்களின் கால்கள் ஓடும் வயதைத் தாண்டிப்போயிருக்கும்?

அந்தப் பக்கத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. "பெண் பிள்ளை உடம்பு இதைத் தாங்காது" என்பது நான் சொன்ன வார்த்தை. 2007இல், நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது, பந்தயத்தின் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் விழுந்தாய். உன் தாடை கிடுகிடுவென்று நடுங்கியது. மறு வாரமே பள்ளிக்குப் போய், இனி இவளை ஓட அனுப்ப மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். 800 ஓடுகிறவர்கள் முடிவில் விழுவது சகஜம் என்று இப்போது தெரிகிறது. மூச்சில் வரும் காற்று அந்த வேகத்துக்குப் போதாமல் கால்கள் கடன் வாங்கி ஓடுகின்றன. கடைசி நூறு மீட்டரில் அதை வட்டியோடு கட்டுகின்றன. ஆண்களும்தான் விழுகிறார்கள். அவர்களை யாரும் நிறுத்தவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உன்னை நிறுத்தியதற்கு உன் உடம்பு மட்டும் காரணம் இல்லை. அதற்கு முந்தைய டிசம்பரில், நீ இப்போது இருக்கும் அதே தோகாவில், ஆசிய விளையாட்டில் புதுக்கோட்டைப் பக்கத்துச் சாந்தி இதே 800 மீட்டரில் வெள்ளி வாங்கினாள். செங்கல் சூளை வீட்டுப் பெண். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். ஊரெல்லாம் அவள் உடம்பைப் பற்றிப் பேசியது. நாளைக்கு என் மகளையும் அப்படிப் பேசுவார்களோ என்று நான் நடுங்கிப்போனேன். இத்தனை வருடமாக இதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

சாந்தியின் படத்தை நடுவில் மாட்டியிருக்கிறேன், வெள்ளிப் பதக்கத்தோடு நிற்கும் படம். அவளுக்கு ஒரு பக்கம் ஷைனி. 1984இல் லாஸ் ஏஞ்சல்சில் 800 மீட்டரின் அரையிறுதி வரை போனவர். மறுபக்கம் உஷா, அதே லாஸ் ஏஞ்சல்சில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை விட்டவர். அப்பா கேட்டுக்கொண்டதற்காக, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற நம் மணத்தி கணேசனுக்கும் ஓர் இடம் கொடுத்தேன்.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிபாதி இடம் ஒதுக்கினார்கள். கடைசி நாள் மாரத்தானும் பெண்களுடையது. அந்த 800ஐ இங்கிலாந்துப் பெண் ஒருத்தி 1 நிமிடம் 56.72 விநாடியில் ஓடினாள். ராட்கேயை விட 20 விநாடி குறைவு. இப்போது டிவியில் 800 மீட்டர் வந்தால் எதிர்வீட்டுச் சின்னவள் பாயை விட்டு எழுந்து நின்றுதான் பார்க்கிறாள். நாளை முதல் அவளைக் காலையில் மைதானத்துக்குக் கூட்டிப்போகப் போகிறேன். அவள் அம்மாவிடம் நானே பேசிச் சம்மதம் வாங்கிவிட்டேன்.

சட்டையில் குத்தியிருந்த எண் அட்டையை ஊக்கோடு உன் ஸ்பைக்ஸுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். அதன் கீழே நேரம் எழுத ஓர் இடம் விட்டிருக்கிறேன். அன்று ஏன் விழுந்தாய் என்று கேட்டேனே தவிர, எத்தனை நிமிடத்தில் ஓடினாய் என்று கேட்கவில்லை. உனக்கு நினைவிருக்கும். எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா