பெரியகடையில் கண்ட அக்காவுக்கு

யாழ்ப்பாணம் பெரியகடையில் நூல் பார்த்துக்கொண்டு நின்றபோது, "கம்பளி வேண்டாம் தங்கச்சி, எங்கட வெயிலுக்குப் பருத்தி நூல்தான் சரி" என்று சொன்ன அக்கா, உங்களுக்குத்தான் இந்த நன்றி.

கடை வாசலிலேயே குரோசே ஊசியை எடுத்து, தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கிற வட்டம் ஒன்று பின்னிக் காட்டினீங்கள். முதல் சுற்று 6 கண்ணி, பிறகு 12, அடுத்தது 18. சுற்றுக்கு 6 கூட்டினால் தட்டையாய் வரும். கூட்டாவிட்டால் கிண்ணம்போலக் குழியும். மிஞ்சினால் ஓரம் அலையடிக்கும். எந்த வீடியோவும் இவ்வளவு சுருக்காகச் சொல்லித் தரவில்லை!

இந்தக் கணக்கு இப்ப எங்கட ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு அன்ரி தொப்பியே தொடங்கிட்டா. பஸ் வந்ததென்று ஓடிட்டீங்கள், உங்கட ஊசி இன்னும் என்னட்டத்தான் இருக்கு. இதை வாசித்தால் ஒருக்காச் சொல்லுங்கோ.