கழுத்தைப் பார்த்து வாங்கு

பழைய வண்ணாரப்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அம்மாவும் நானும் நலம். எலக்ட்ரிக் கிடார் வாங்கப்போவதாகவும், அதற்கென்று 25,000 ரூபாய் சேர்த்து வைத்திருப்பதாகவும், எதை வாங்குவது என்று குழப்பமாக இருப்பதாகவும் நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். போனில் பேசினால் பாதிப் பேச்சில் யாராவது மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிடுகிறார்கள். அதனால்தான் கடையைச் சாத்திய பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். நீ எட்டாம் வகுப்பு படித்தபோது உனக்கு ஒரு சாதாரண கிடார் வாங்கித் தந்தேன். மூன்று மாதம் வாசித்துவிட்டு விரல் வலிக்கிறது என்று வைத்துவிட்டாய். ஆசையாகக் கேட்டுவிட்டு மூன்று மாதத்துக்கு மேல் தாங்கவில்லை என்று நானும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் காட்டினேன். போன மாதம், பெரம்பூரில் சர்ச்சில் கிடார் வாசிக்கும் ஒருவர் கிடார் ஓசையைப் பெருக்கும் தம்முடைய ஆம்ப்பைப் பழுது பார்க்கக் கொண்டுவந்திருந்தார். பேச்சுவாக்கில் உன் கிடாரைப் பரணிலிருந்து இறக்கிக் காட்டினேன். அவர் என் மேஜைமேல் கிடந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் ஃபிரெட் என்ற உலோகக் கட்டைகளில் பன்னிரண்டாவதன்மேல் நிறுத்தி, அளவை என்னையே படிக்கச் சொன்னார். ஃபிரெட்டுக்கும் தடித்த கம்பிக்கும் நடுவே நாலரை மில்லிமீட்டர் இருந்தது. அது இரண்டரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய இடமாம். "இதில் நான் வாசித்தாலும் விரல் கிழியும் அண்ணே, பாப்பாவைக் குறை சொல்லாதீர்கள்" என்றார். அன்றைக்குக் கடைக்காரர் அதைச் சுவரிலிருந்து எடுத்துத் துடைத்து உறையில் போட்டுக் கொடுத்தார்; நானும் பளபளப்பைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். ஒரு மோட்டாரின் பேரிங்கைக் கையால் சுற்றிப் பார்க்காமல் வாங்காத நான், உனக்கு வாங்கிய பொருளில் ஒரு கம்பியைக்கூட அழுத்திப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவர் கடைப்பக்கம் வரும்போதெல்லாம் அவரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டேன். கேட்டதில் எனக்குப் புரிந்தது இதுதான். எலக்ட்ரிக் கிடாரில் பாதி மரவேலை, பாதி என் தொழிலான காயில் சுற்றும் வேலை. உடம்பில் பதித்திருக்கும் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிக் கட்டிய கம்பிச்சுருள், அதாவது காயில். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காயிலில் மின்சாரம் பிறக்கிறது. சைக்கிள் டைனமோவின் தங்கை என்று வைத்துக்கொள். ஃபேனுக்கு நாம் போடும் 36 ஆம் நம்பர் எனாமல் கம்பி ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் தடிமன். பிக்கப்பில் சுற்றும் கம்பியோ 0.06 மில்லிமீட்டர்தான், அதில் கிட்டத்தட்ட 8,000 சுற்று. மூச்சு விட்டால் அறுந்துபோகும் கம்பி அது. இந்தப் பாதியில் எது கெட்டாலும் கவலை இல்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பாட் கரகரத்தாலும், கேபிள் சொருகும் ஜாக் தளர்ந்தாலும், பற்றவைப்பு விட்டாலும், நீ ஊருக்கு வரும்போது அரை மணி நேரத்தில் சரிசெய்து தருவேன். பிக்கப்பையே பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விரல் வைத்து வாசிக்கும் அந்த நீண்ட மரக் கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தாலோ, ஃபிரெட்டுகள் ஏற்ற இறக்கமாக அடிக்கப்பட்டிருந்தாலோ என்னால் ஒன்றும் செய்ய முடியாது; அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் கேட்கும் கூலி, மலிவான கிடாரின் விலையையே எட்டிவிடும். ஆகவே நீ கழுத்தைப் பார்த்து வாங்கு, மின்சாரத்தை என்னிடம் விட்டுவிடு.

கழுத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். கிடாரைத் துப்பாக்கி போலக் கண்ணுக்கு நேரே பிடித்து, உடம்புப் பக்கத்திலிருந்து தலைப்பக்கமாக விளிம்போடு பார்வையை ஓட்டு. நடுவில் மிக இலேசான பள்ளம் இருக்கலாம், அதை உள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைத் திருகிச் சரிசெய்வார்கள். ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயுமாக முறுக்கிக்கொண்டிருந்தால் அதைத் திரும்ப வைத்துவிடு. பிறகு உள்ளங்கையால் கழுத்தின் இரு ஓரங்களையும் தடவிப் பார். ஃபிரெட் முனைகள் ரம்பம் போல உறுத்தினால் வேண்டாம், ஏனென்றால் நீ இருக்கும் புனேயின் கோடை வறட்சியில் மரம் இன்னும் கொஞ்சம் சுருங்கும், முனைகள் இன்னும் வெளியே நீட்டிக்கொள்ளும். அடுத்தது கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலை: ஆறு கம்பி, 22 ஃபிரெட் என்றால் 132 இடங்கள், ஒவ்வொன்றிலும் அழுத்தி ஒருமுறை மீட்டு. எங்காவது ஜிர்ரென்று இரைந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு கடைக்காரரிடம் காட்டு. நீ வாசிக்கத் தெரியாதவள் என்று கடைப் பையன்கள் சிரித்தால் சிரிக்கட்டும். கடைசியாக, போனில் இலவசமாகக் கிடைக்கும் ட்யூனர் ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டு, கம்பியை எங்கும் அழுத்தாமல் ஒருமுறையும், பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தி ஒருமுறையும் வாசி. இரண்டும் ஒரே சுரமாக, மேல் ஸ்தாயியில் மட்டும் வேறாக இருக்க வேண்டும். சற்று விலகினால், உடம்பின்மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் திருகிச் சரிசெய்து தரச் சொல்லலாம்.

கம்பியின் உயரத்தையும் அங்கேயே இறக்கித் தரச் சொல். எலக்ட்ரிக் கிடாரில் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தடித்த கம்பிக்கு இரண்டு மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு ஒன்றரை இருந்தால் போதும். முதல் கம்பி 009 அளவில் தொடங்கும் செட்டைக் கேட்டு மாட்டிக்கொள். அது 0.23 மில்லிமீட்டர், நம் ஃபேன் கம்பியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். உன் பழைய கிடாரில் இருந்தது 012. இந்த முறை விரல் வலிக்கும், ஆனால் கிழியாது.

எந்தக் கம்பெனி என்று கேட்டிருக்கிறாய். யமஹாவின் பசிபிகா, ஃபெண்டரின் மலிவு வரிசையான ஸ்குவையர், ஐபனெஸின் கியோ, கோர்ட், கிப்ஸனின் துணைப் பெயரான எபிஃபோன் ஆகியவற்றை அந்தப் பெரம்பூர்க்காரர் சொன்னார். இவற்றில் கையில் எடுக்கும் அந்த ஒரு துண்டு எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒரே மாடலில் இரண்டைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார். ஃபெண்டர் வகையில் கம்பியின் நீளம் இருபத்தைந்தரை அங்குலம், கிப்ஸன் வகையில் அதைவிட ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலம், குறைவு. ஆகவே ஒரே கம்பி கிப்ஸன் வகையில் கொஞ்சம் தளர்வாக, விரலுக்கு இதமாக இருக்கும். ஆனால் அந்த வகையில் சில கிடார்கள் நாலு கிலோ வரை கனக்கும். உட்கார்ந்து மடியில் வைத்துப் பார்த்துத் தீர்மானித்துக்கொள். கூரான கொம்பு வைத்த வடிவங்கள் மடியில் நிற்காது. அழகாகத்தான் இருக்கும், விட்டுவிடு.

ஒரு சின்னச் செய்தி, எனக்குப் பிடித்ததால் சொல்கிறேன். லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டுவந்த அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. ரிப்பேர்காரன் புத்தி என்பதால்தான் கழுத்தைப் பசையால் ஒட்டாமல், கெட்டால் கழற்றி மாற்றும்படி திருகாணியில் நிறுத்தினார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

பிக்கப்பில் இரண்டு வகை உண்டு. ஒற்றைக் காயில் தெளிவாக ஒலிக்கும், ஆனால் வீட்டு வயரிங்கின் 50 சைக்கிள் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். அதற்கு மருந்தாக கிப்ஸனில் இருந்த சேத் லவர் 1955-இல் இரட்டைக் காயிலைக் கண்டுபிடித்தார். ஒன்றுக்கு ஒன்று சுற்றையும் காந்தத்தையும் தலைகீழாக வைத்துவிட்டார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக ஏறி அழிந்துபோகிறது, கம்பியின் ஓசை மட்டும் கூடுகிறது. இதைப் பெரம்பூர்க்காரர் எனக்கு விளக்கியபோது வைண்டிங் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அதற்குப் பெயர் ஹம்பக்கர். பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடங்களில் ஒற்றைக் காயிலும் உள்ள கிடாராகப் பார். எந்தப் பாட்டு பிடிக்கும் என்று இன்னும் தெரியாத உனக்கு அதுதான் பொருந்தும். பூட்டு வைத்த ஆட்டும் பிரிட்ஜ், ஃபிளாய்ட் ரோஸ் என்பார்கள், அது மட்டும் இப்போது வேண்டாம். ஒரு கம்பி மாற்றுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

பணத்தை இப்படிப் பிரித்துக்கொள். கிடாருக்குப் பதினாறாயிரம் வரை. ஹெட்போன் துளை உள்ள பத்து வாட் ஆம்ப் ஒன்றுக்கு ஆறாயிரம். அந்த அறைக்கு அதற்கு மேல் சத்தம் தேவையில்லை, பக்கத்து அறைப் பெண்களும் தூங்க வேண்டும். மீதியில் ஒரு நல்ல கேபிள், தோளில் மாட்ட ஒரு வார், இரண்டு செட் கம்பி, செட்டிங் கூலி. எல்லாம் சேர்த்து ஒரே அட்டைப்பெட்டியில் போட்டுத் தரும் பேக்கை வாங்காதே என்பது என் எண்ணம். அதில் ஆம்ப்புக்கும் கேபிளுக்கும் பணத்தைப் பங்கு போட்டதில் கழுத்துதான் இளைத்திருக்கும். பழைய கிடார் நல்ல விலைக்கு வந்தால் தாராளமாக வாங்கலாம், மேலே சொன்ன 132 இடங்களையும் பார்த்துவிட்டு.

ஒன்றை மட்டும் அப்பா கண்டிப்பாகச் சொல்கிறேன். கிடாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன, அதாவது வாசிக்கும்போது உன் கை எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. உன் அறையின் பிளக் பாயிண்டில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு ஆம்ப்பைப் போடு. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் துளையில் சொருகும் வேலை வேண்டவே வேண்டாம்.

பொங்கலுக்கு வரும்போது கிடாரையும் கொண்டு வா. உறைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுக்கொள், காசிமேட்டுக் கடற்காற்று ஒரு வாரத்தில் கம்பியைத் துருப்பிடிக்க வைத்துவிடும். உன் பழைய கிடாரிலும் பெரம்பூர்க்காரர் கம்பியின் உயரத்தை இறக்கி, புது செட் மாட்டித் தந்திருக்கிறார். அம்மா அதைத் திரும்பப் பரணில் ஏற்றவிடவில்லை.

வாங்கப் போகிற அன்று கடையிலிருந்தே வீடியோ கால் போடு, கழுத்தை நானும் பார்க்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் மூன்றிலிருந்து நான்கு வரை மெஷினை நிறுத்தி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா