கல்லுக்கும் தங்க விலையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் தங்க நகை வாங்குவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். காரட் என்றால் என்ன, ஹால்மார்க் முத்திரையை நகையில் எந்த இடத்தில் தேட வேண்டும் என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் எடையைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. நான் ஏமாந்தது காரட்டில் இல்லை, எடையில். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பதினோரு வருடங்களுக்கு முன் சிவப்புக் கல்லும் பச்சைக் கல்லும் பதித்த ஒரு நெக்லஸ் வாங்கினேன். தராசில் வைத்துக் காட்டினார்கள். 32 கிராம். பில்லிலும் 32 கிராம் என்றே எழுதிக் கொடுத்தார்கள். 22 காரட் முத்திரையும் இருந்தது. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் பணத் தேவை வந்து அதை வேறொரு இடத்தில் விற்கப் போனேன். அங்கே இருந்த பெரியவர் லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கல்லு, அரக்கு எல்லாம் கழிச்சாத்தாம்மா தங்கம் எவ்வளவுன்னு சொல்ல முடியும்" என்றார். என் கண் முன்னாலேயே கல்லைக் கழற்றி, பின்பக்கத் தகட்டைப் பிரித்து, உள்ளே இருந்த அரக்கைச் சுத்தம் செய்துவிட்டு எடை போட்டார். 24 கிராமும் கொஞ்சமும் இருந்தது. தங்கம் என்று நம்பி நான் பணம் கொடுத்ததில் கிட்டத்தட்ட கால் பங்கு கண்ணாடியும் அரக்கும். இதில் முத்திரை பொய் சொல்லவில்லை. இருந்த தங்கம் 22 காரட்தான். எவ்வளவு தங்கம் என்பதில்தான் நான் ஏமாந்தேன்.

முத்திரை நமக்கு முக்கியமாகச் சொல்வது இதைத்தான்: இந்த உலோகத்தில் எத்தனை பங்கு தங்கம். 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு, அதாவது 22 காரட். 750 என்றால் 18 காரட், 585 என்றால் 14 காரட். இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டு முதலாம் எட்வர்ட் மன்னர் காலத்திலேயே தங்க, வெள்ளிப் பொருள்களின் தரத்துக்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். பின்னாளில் லண்டன் பொற்கொல்லர்களின் மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை குத்த வேண்டும் என்று ஆனது. ஹால்மார்க் என்ற பெயரே அந்த ஹாலில் இருந்து வந்ததுதான். எழுநூறு வருடமாக இந்தக் கவலை இருக்கிறது என்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஆனால் எத்தனை நல்ல முத்திரையாக இருந்தாலும், நகைக்குள் கல் எவ்வளவு, அரக்கு எவ்வளவு என்று அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது பில்.

பில்லில் மூன்று எண்கள் தனித்தனியாக இருக்க வேண்டும்: மொத்த எடை, கல்லின் எடை, கல் போன்றவற்றைக் கழித்த நிகர எடை. தங்க விலையை நிகர எடைக்குத்தான் போட வேண்டும். கல்லுக்குக் கல்லின் விலை தனி வரியில் வரட்டும். கண்ணாடிக் கல்லுக்கும் தங்க விலையே கொடுப்பது என்ன நியாயம்?

இங்கே ஒரு குழப்பம் உண்டு. கல்லின் எடையைக் காரட்டில் எழுதுவார்கள். தங்கத்துக்குச் சொல்லும் காரட் வேறு, இது வேறு. தங்கத்தில் காரட் என்பது சுத்தம், 24 பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்ற கணக்கு. கல்லில் காரட் என்பது எடை. ஒரு காரட் 0.2 கிராம், ஐந்து காரட் சேர்ந்தால் ஒரு கிராம். பில்லில் 20 காரட் கல் என்று பார்த்தால் மனதுக்குள் ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள், 4 கிராம். நகையின் மொத்த எடை 40 கிராம் என்றால் தங்கம் 36 கிராம்தான்.

செயற்கை வைரக் கல் என்று பரவலாக விற்கும் சிர்கோனியா, அதே அளவு நிஜ வைரத்தை விட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது. அது நிறையப் பதித்த நகை கையில் கனமாகத் தெரியும். அந்தக் கனத்தைத் தங்கம் என்று நினைத்துவிடக் கூடாது.

அப்புறம் சேதாரம், அதாவது நகை செய்யும்போது வீணாகும் தங்கத்துக்கு என்று எடையில் சதவீதமாகச் சேர்த்துப் போடுவது. இதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. மேலே சொன்ன நகைக்கே 15 சதவீதம் சேதாரம் என்று வைத்துக்கொள்வோம். 36 கிராமுக்குப் போட்டால் 41.4 கிராம் தங்கத்துக்கு நாம் பணம் கொடுக்கிறோம். அதையே மொத்த எடையான 40 கிராமுக்குப் போட்டால் 46 கிராம். நான்கு கிராம் கல்லுக்காக 4.6 கிராம் தங்கத்தின் விலை போய்விடுகிறது. பில்லில் ஒரே ஒரு எண் மாறியதால் வந்த வித்தியாசம் இது.

தங்கத்தை உருக்கி, இழுத்து, அராவும்போது கொஞ்சம் சிதறத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் பட்டறையில் உதிரும் தூளைக் கூட்டி எடுத்து மறுபடி உருக்குகிறார்கள். மெஷினில் பின்னும் சாதாரணச் செயினுக்கும், ஒரு ஆசாரி நாள் கணக்கில் உட்கார்ந்து செய்த கைவேலைக்கும் ஏறக்குறைய ஒரே சதவீதம் கேட்டால் ஏன் என்று கேட்கத்தான் வேண்டும். கைவேலைக்கு நல்ல கூலி கொடுக்க எனக்கு மனமிருக்கிறது. அதைச் செய்கூலி என்று வெளிப்படையாகச் சொல்லி, இவ்வளவு என்று போடட்டும். சதவீதக் கணக்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வேலை அதே வேலைதான், தங்கம் விலை ஏறும்போதெல்லாம் அந்தக் கூலியும் சேர்ந்து ஏறிவிடும்.

தங்கத்தின் சுத்தத்தைப் பார்க்கும் எக்ஸ்ரே மெஷினில் வைத்து, "பாருங்க, 92 சதவீதம் காட்டுது" என்று சொன்னால் அதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். அந்த மெஷின் நகையின் மேல்பரப்பைத்தான் படிக்கிறது. கனமாக முலாம் பூசியிருந்தால் முலாமைத்தான் காட்டும். ஒரே இடத்தில் வைக்காமல் பின்பக்கம், கொக்கி, பற்றவைத்த இணைப்பு என்று நாலைந்து இடங்களில் வைக்கச் சொல்லுங்கள். சுத்தத் தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். இணைக்கப் பயன்படும் பற்றாசு நகைக்கு முன்பே உருக வேண்டும் என்பதால் அதில் வேறு உலோகங்கள் கலந்திருக்கும். இணைப்பு நிறைய உள்ள நகையை மொத்தமாக உருக்கினால் சில சமயம் தரம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். காந்தம் வைத்துப் பார்க்கும் பழக்கத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். செம்பும் வெள்ளியும்கூடக் காந்தத்தில் ஒட்டாது.

எந்த நகையை எடுப்பது என்ற கேள்விக்கு, என்றைக்காவது விற்க வேண்டி வரலாம் என்றால் கல்லில்லாத, வேலைப்பாடு குறைந்த நகையே நல்லது என்பேன். தினமும் போடும் கல் மோதிரத்துக்கு 22 காரட்டை விட 18 காரட் பொருத்தம். 22 காரட் மென்மையானது, கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகள் நாளாவட்டத்தில் வளைந்து கல் விழுந்துவிடும். பார்க்கப் பெரிதாகவும் தூக்க லேசாகவும் இருக்கும் குழல் நகைகள் ஒரு முறை நசுங்கினால் பழையபடி நிமிர்த்துவது கஷ்டம். வெள்ளைத் தங்கத்தின் பளபளப்பு பெரும்பாலும் மேலே பூசிய ரோடியம் என்ற உலோகம்தான், தேய்ந்தால் திரும்பப் பூச வேண்டியிருக்கும்.

கல் நகையே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த நெக்லஸை நான் ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன், பத்து வருடம் ஆசையாகப் போட்டேன். அது அழகான நகை. அதில் தங்கம் 24 கிராம்தான் என்று அன்றே சொல்லியிருந்தால், தெரிந்தே வாங்கியிருப்பேன், அல்லது வேண்டாம் என்று வந்திருப்பேன். முடிவு என்னுடையதாக இருந்திருக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் இதழ் ஒன்றில் ஒரு மாதிரி பில்லைப் படமாகப் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் என்ன அர்த்தம், எந்த எண் விடுபட்டிருந்தால் கேட்க வேண்டும், திரும்ப விற்கும்போது எதை எல்லாம் கழிப்பார்கள் என்று விளக்குங்கள். வெட்டி எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளும் அளவில் இருந்தால் இன்னும் நல்லது. என் பழைய பில் இன்னும் என்னிடம் இருக்கிறது. கடையின் பெயரை மறைத்துவிட்டு நகல் அனுப்பித் தருகிறேன், நிகர எடை என்ற வரியே இல்லாத பில் எப்படி இருக்கும் என்று காட்ட உதவும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி